மூன்றாவது பல்லி

எங்கள் வீட்டில் எந்த முடிவையும் அப்பா எடுத்ததில்லை. பல்லிதான் எடுக்கும். ஆடு வாங்குவதா, ஊர்க் கொடைக்குப் போவதா, எனக்கு எந்தக் கோயிலில் மொட்டை போடுவது, எதுவானாலும் சாயங்காலம் விளக்கேற்றியதும் அப்பா சுவரைப் பார்த்து நின்று கேட்பார். பல்லி சத்தம் கொடுத்தால் உட்கார்ந்து விரல் முட்டியால் தரையைத் தட்டுவார். காரியம் நடக்கும். சத்தம் வராவிட்டால் அந்தப் பேச்சு அதோடு சரி.

கீழே ஆற்றங்கரையில் இருந்த வரைக்கும் இதில் சிக்கல் வரவில்லை. அங்கே சுவருக்கு நாலு பல்லி உண்டு, எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிழைப்புக்காக மணிமுத்தாறு அணைக்கு மேலே, மலையில் இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குக் குடிபோனோம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் ஒன்று கிடைத்தது. பகலிலேயே பனிமூட்டம் வாசல் வழியாக உள்ளே வரும். சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். அந்தக் குளிரில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பல்லியைக்கூடக் கண்டதில்லை. அதனால் அப்பாவின் காரியங்களும் அப்படியே உறைந்து நின்றன. ஆடு வாங்கவில்லை. ஒழுகுகிற தகரத்தை மாற்றவில்லை. அத்தையை ஒரு நல்ல இடத்தில் இருந்து பெண் கேட்டார்கள். அதற்கும் பதில் சொல்லாமலே இருந்து, அவர்கள் சலித்துப்போய் வேறு பெண் எடுத்துக்கொண்டார்கள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லை. எங்களோடுதான் இருந்தாள், அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போவாள். இரண்டாவதாக அவளைக் கேட்டது வேறு யாருமல்ல, என் மாமாதான். அம்மாவின் தம்பி, விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை. அம்மாவுக்குச் சம்மதம். அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. அப்பாதான் பயந்தார்.

"பொண்ணு எடுத்த வீட்டுக்கே பொண்ணு குடுக்கது லேசுப்பட்ட காரியம் இல்ல. நாளைக்கு அங்கன ஒரு மனவருத்தம்னா இங்கன அடுப்பு எரியாது. பல்லி சொல்லட்டும், பாப்போம்" என்றார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தையைப் பார்த்து, "பல்லி இல்லாத ஊர்ல உங்க அண்ணன் யார்ட்ட கேப்பாராம்? அட்டைட்டயா?" என்றாள். அந்த மலையில் அட்டைகளுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

பெண் கேட்டு வந்திருந்த மாமா அசரவில்லை. "பல்லிதான அத்தான் வேணும்? எங்க குவார்ட்டர்ஸ்ல கச்சேரியே நடத்துது. நான் கொண்டாரேன்."

அடுத்த லீவுக்கு மலையேறும் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மாமாவின் மடியில் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தது. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தார். உள்ளே இரண்டு பல்லிகள், காய்ந்த மிளகாய் மாதிரி விறைத்துக் கிடந்தன. மாமா பாட்டிலை உலுக்கிப் பார்த்தார். "அணைக்கிட்ட வரும்போது நல்லாத்தான ஓடிட்டு இருந்துது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அத்தை பல்லியைக் கண்டாலே அலறுகிறவள். அன்றைக்கு அவளே பாட்டிலை வாங்கி, முந்தானையில் சுற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பல்லி கால் விரலை விரித்தது.

"சாவல. குளிருதான்" என்றாள்.

பல்லிகளுக்கு வீடு தயாரானது. தேயிலை அடைக்கும் பலகைப் பெட்டி ஒன்றை ஃபேக்டரியில் கழித்துப் போட்டிருந்தார்கள், அதை அப்பா தூக்கி வந்தார். உள்பக்கம் முழுக்க ஈயத்தாள் ஒட்டியிருக்கும், சூட்டை வெளியே விடாது. முன்பக்கம் கொசுவலைக் கம்பியை அடித்தார்கள். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அதை எப்படிச் சூடாக வைப்பது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் அப்பா ஒரு சட்டியில் தணல் அள்ளி உள்ளே வைத்தார். பெட்டி முழுக்கப் புகை. பல்லிகள் மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு வாயைப் பிளந்தன. நாங்கள் எல்லோரும் முறம் எடுத்து விசிறினோம்.

அடுத்து மாமா ஒரு பல்பை உள்ளே தொங்கவிட்டார். ஈயத்தாளில் வெளிச்சம் பட்டுப் பெட்டி தகதகவென்று ஜொலித்தது. பக்கத்து லயன் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பல்லிகளுக்குத்தான் அது பிடிக்கவில்லை. ஒன்று பலகை இடுக்கில் தலையைச் செருகிக்கொண்டது. இன்னொன்று பல்பில் உரசி, பதறிப்போய் வாலைப் போட்டுவிட்டு ஓடியது. அறுந்த வால் பெட்டிக்குள் துள்ளித் துள்ளி ஆடியது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா முகம் கறுத்துவிட்டது.

"பேச்செடுக்கும்போதே வால் அறுந்துட்டே. இது நல்லதுக்கா?"

அம்மா விடவில்லை. "ஏன், வாலு திரும்ப முளைக்கும்லா? தழைக்கும்னு அர்த்தம். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, இது தெரியாதா?"

இப்படி ஒரு பலன் உண்டா என்று அப்பாவுக்குச் சந்தேகம். இல்லை என்று சொல்லவும் தைரியம் இல்லை.

மூன்றாவது யோசனை அத்தையுடையது. ஓடையில் இருந்து தட்டையான கல் இரண்டு எடுத்து வந்தாள். ஒன்றை அடுப்பில் சுட்டு, சாக்கில் சுற்றி, பெட்டிக்கு அடியில் வைத்தாள். அதுவும் ஒரு பாதிக்கு மட்டும். மறுபாதி குளிர்ந்தே இருந்தது. உள்ளே இரண்டு பக்கமும் மரப்பட்டைத் துண்டுகளைச் சாய்த்து வைத்தாள். பெட்டி மேல் பழைய கம்பளி ஒன்றைப் போர்த்தினாள். ஒரு கல் ஆறுவதற்குள் அடுத்த கல் அடுப்பில் காயும். கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் கூடையை இறக்கக்கூட மாட்டாள், நேராகக் கல்லைத்தான் தொட்டுப் பார்ப்பாள். மாமா லீவு கிடைத்தபோதெல்லாம் மலையேறி வந்தார். பல்லியைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெட்டியின் அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் மாமா, நடுவில் நான்.

"மருமவனே, ஒரு பக்கம் மட்டும் சூடு வச்சா போதுமான்னு உங்க அத்தைட்ட கேளு."

"போதும்னு சொல்லு. குளிருனா இங்கன வரும், சுட்டா அங்கன போவும். அதுக்குத் தெரியாததா?"

"ரொம்பச் சுட்டுறாதான்னு கேளு."

"நான் கையை வச்சுப் பாத்துட்டுத்தான் வைக்கேன்னு உங்க மாமாட்ட சொல்லு."

கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னதை அப்படியே சொன்னேன். வீட்டில் என்னைப் பேசவைத்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

பல்லிகள் தேறின. நான் பிடித்துப் போட்ட விட்டில்களைத் தின்று வயிறு உருண்டன. ஓடின, சண்டை போட்டன. சத்தம் மட்டும் கொடுக்கவே இல்லை. அப்பா பெட்டிக்கு முன்னால் நின்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். இரண்டும் கண்ணை நக்கிக்கொண்டு அவரையே பார்த்தன.

பொங்கல் நெருங்கியது. ஒரு சாயங்காலம் மாமா வந்தவர் பெட்டிப் பக்கமே போகவில்லை. அம்மாவிடம், "வீட்ல அம்பாசமுத்திரத்துல ஒரு பொண்ணு பாத்துட்டாங்கக்கா. எவ்ளோ நாள்தான் காத்துக் கெடக்கதுன்னு கேக்காங்க. காலம்பற பஸ்ஸுல நான் பதிலோட போவணும். இல்லன்னா பொங்கல் கழிச்சு அங்கன பூ வச்சிருவாங்க" என்றார். அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுப்பில் இருந்த கல்லை இடுக்கியால் எடுத்துச் சாக்கில் சுற்றப் போனவள், சுற்றாமலே கையில் வாங்கிவிட்டாள். கை சுட்டது. பெட்டிக்கு அடியில் கல்லை வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் கையை விட்டாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கேற்றினார்கள். அப்பா பெட்டிக்கு முன்னால் போய், மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் அவர் காலடியில், பெட்டி ஓரமாக, கம்பி வலையில் மூக்கு படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெளியே சாரல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா தரையைப் பார்த்தார்.

அப்போது கேட்டது. ச்சிக், ச்சிக், ச்சிக்.

அப்பா சட்டென்று உட்கார்ந்து தரையைத் தட்டினார். "சொல்லிட்டு" என்றார். "கேட்டீங்கள்லா? கிழக்க இருந்து சொல்லிட்டு. ஏலே மாப்ள, தையிலயே கல்யாணத்த வச்சிரச் சொல்லு."

அம்மா அழுதாள். மாமா எழுந்தவர், எங்கே போவதென்று தெரியாமல் பெட்டியைக் கும்பிட்டார். அத்தை அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

நான் மட்டும் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பல்லிகளும் சூடான பக்கத்துப் பட்டைக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தன. இரண்டும் வாயைத் திறக்கவில்லை, தொண்டை அசையவில்லை. அசைந்தது அப்பாவின் தாடைதான். வெற்றிலை மெல்லுகிறார் என்று நினைத்தேன். வெற்றிலை தீர்ந்துவிட்டதென்று காலையிலேயே அவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. பாட்டிலில் வந்த பல்லிகள் பாட்டிலிலேயே அத்தையோடு கீழே போயின. அம்மா சொன்னபடியே அறுந்த வால் திரும்ப முளைத்தது, எங்கள் இரண்டு குடும்பமும் தழைத்தது.

ஆனால் கல்யாணத்துக்கு முன்னால், அந்த இரவுக்கு அடுத்த நாள் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். பெட்டிப் பல்லிகள் சத்தம் போடவில்லை என்றால் வீட்டில் மூன்றாவதாக ஒரு பல்லி இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். குளிருக்குப் பயந்து கூரைக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கும், பாவம், அதற்கும் ஒரு கல் சுட்டு வைக்க வேண்டும். அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. வேலைக்குக் கிளம்பியவர் நின்று, முக்காலியை இழுத்துப் போட்டு என்னை அதன் மேல் ஏற்றிவிட்டார். நான் உத்தரத்து இடுக்கெல்லாம் கையை விட்டுத் தேடினேன். கீழே அவர் முக்காலி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பைய பாருலே" என்றார். "அங்கனதான் எங்கயாவது இருக்கும்."