மேல்வீட்டைப் பார்க்கப் போனவர்

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம். தளியைத் தாண்டி ஜவளகிரி போகும் வழியில், காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இது நடந்தது. நான் அந்த ஊர்க்காரன் இல்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், ஓட்டலில் தண்ணீர் தூக்குவது, கல் உடைப்பது என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன், பிடிக்காவிட்டால் கிளம்பிவிடுவேன். அந்த வருஷம் ஒரு காண்ட்ராக்டரிடம் மூங்கில் வெட்டப் போயிருந்தேன். வேலை முடிந்து ஆட்கள் வேறு காட்டுக்குப் புறப்பட்டபோது எனக்குக் கடுமையான காய்ச்சல். என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஊர் என்றால், சரிவில் ஒற்றை வரிசையாகப் புல் வேய்ந்த வீடுகள். எல்லாவற்றுக்கும் மேலே, உண்ணிச்செடிப் புதருக்கு அந்தப்பக்கம், மூங்கில் ஆட்கள் போட்டுவிட்டுப் போன குடிசை. அதில் நான். எனக்குக் கீழே முதல் வீடு ஓர் அம்மாவுடையது. ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஒரு மாடும் கன்றும் வைத்திருந்தார். பாலை ஜவளகிரி டீக்கடைக்கு ஊற்றித்தான் பிழைப்பு. வீட்டில் பேசுவது கன்னடம். தமிழும் வரும். திட்டும்போது இரண்டும் சேர்ந்து வரும்.

“ஏ மூங்கிலு! ராவெல்லாம் மொனகிக்கிட்டே கெடக்கற. என் மாடு பயந்துக்கினு பால எறக்க மாட்டேங்குது!” என்று வேலிக்கு அப்பாலிருந்து கத்துவார். என் பெயரை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. மூங்கில் என்றால் நான்தான்.

அன்று சந்தை நாள். ஆண்களில் பாதிப்பேர் வண்டி கட்டிக்கொண்டு தளிக்குப் போயிருந்தார்கள். பல நாள் கழித்துக் காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பெல்லாம் நாற்றம். கீழே ஓடையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் மெல்லக் குளித்து, சட்டையைத் துவைத்துப் பாறையில் போட்டிருந்தேன். மலைப்பக்கம் படபடவென்று வெடிச்சத்தம். யாரோ வேட்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். சத்தம் நிற்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மலை தெரியவில்லை, புகைதான் தெரிந்தது. தீயில் வெடித்தது மூங்கில்.

ஈரத் துண்டோடு மேலே ஓடினேன். குடிசையில் என் தகரப்பெட்டி இருந்தது. மாற்றுத்துணி, போர்வை, எனக்கென்று இருந்ததெல்லாம் அதற்குள்தான். பாதி வழியில் அந்த அம்மாவின் கீழ்வீட்டுப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு என்னை மறித்தாள்.

“அண்ணா, உங்குடிசைக்கு நீ போவாத! அத்தை மாட்ட அவுத்து உடு, போ!”

“என் பெட்டி இருக்குது தாயி.”

“பெட்டி கெடக்குது! அத்தை வூட்ட பாக்கறது எங்க மொறை. அவுரு சந்தைக்குப் போயிட்டாரு, எங்கையில கொழந்தை. எங்களுக்குப் பதிலு நீ போ!”

என்ன முறை என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் நின்ற தோரணையில் மறுத்துப் பேசமுடியவில்லை. அந்த அம்மா வீட்டுக்குள் திரும்பினேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. எல்லாரோடும் ஊருக்குக் கீழே இருந்த ஏரிக்குப் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். கொட்டகையில் மாடு கண்ணை உருட்டிக்கொண்டு முட்ட வந்தது. கயிற்றை அவிழ்த்தும் வெளியே வர மறுத்தது. காய்ச்சலில் கிடந்த உடம்பு, இழுக்கவும் தெம்பில்லை. கடைசியில் கன்றைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன். மாடு கத்திக்கொண்டே பின்னால் வந்தது. தலைக்கு மேல் தீப்பொறி பறந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

வற்றிப்போன ஏரிக்குள் ஊரே நின்றிருந்தது. கோழிகள், ஆடுகள், தூக்கிக்கொண்டு வந்த குழந்தைகள். பக்கத்து ஊர் ஆட்கள் புங்கங்கிளைகளோடு ஓடிவந்து கொண்டிருந்தார்கள். அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் மேய்ச்சல் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. வந்தவர்களும் பேசவில்லை. வீட்டு வரிசைக்கு நடுவே குறுக்காகப் போன வண்டித்தடத்தில், தீ தாண்டாதபடி ஓரத்துப் புல்லைத் தாங்களே கொளுத்தி எதிர்த்தீ வைத்து, கிளைகளால் அடிக்கத் தொடங்கினார்கள்.

குழந்தைக்காரி என்னிடம் வந்து மாட்டைத் தடவிப் பார்த்தாள். “அத்தை எங்க?” என்றாள்.

“இங்க இல்லியா?”

அவள் முகம் மாறியது. “மேல் வூட்ட பாக்கப் போயிருப்பாங்க.”

“மேல ஏது வூடு?”

“உன்னுதுதான்.”

அப்போதுதான் சொன்னாள். தீ பிடித்தால் அந்த ஊரில் யாரும் தன் வீட்டுக்கு ஓடக்கூடாதாம். தன் வீடு என்றால் அதை எடுக்கலாம் இதை எடுக்கலாம் என்று உள்ளேயே நின்றுவிடுவார்கள். அடுத்தவர் வீடு என்றால் உயிரை மட்டும் வெளியே கொண்டுவந்துவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டையும் அதற்குக் கீழ்வீட்டுக்காரர் பார்க்கவேண்டும். நான் அந்த வரிசையில் ஒரு வீடு என்று எனக்கே தெரியாது. பல நாளாய்ப் படுத்துக் கிடந்தவன் அன்றும் கிடக்கிறான் என்று, தன் பிழைப்பான மாட்டைக் கட்டுத்தறியிலேயே விட்டுவிட்டு அந்த அம்மா மேலே போயிருக்கிறார்.

ஓடினேன். யாரோ பிடிக்க வந்தார்கள், தள்ளிவிட்டேன். என் குடிசை முழுதும் எரிந்து கொண்டிருந்தது. கதவுப்பக்கம் கிட்டே போகவே முடியவில்லை. “அம்மா, அம்மா” என்று கத்தினேன். பின்னால் புதர்ப்பக்கமிருந்து இருமல் கேட்டது. பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். முன்மயிர் கருகி, இரண்டு முழங்கையும் வெந்து, தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், நான் விரித்துப் படுக்கிற, வைக்கோல் அடைத்த சாக்கு மெத்தை. புகையில் கண் தெரியாமல் அதைத்தான் நான் என்று இழுத்து வந்திருக்கிறார்.

என்னைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

“அடப் பாவி, உள்ள இல்லியா நீனு?”

“ஓடைக்குக் குளிக்கப் போனேம்மா.”

“குளிக்க!” என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். “தூக்கறப்பவே கனமில்லேன்னு தோணுச்சு. காச்சல்ல எளச்சுட்டான்னு இழுத்தாந்தேன். இதுக்காடா எங்கையி வெந்துச்சு? மாடு?”

“ஏரில இருக்குது. கன்னும்.”

அதைக் கேட்ட பிறகுதான் அழுதார். வெந்த கையில் படாமல் தோளைத் தாங்கி நான் அவரைக் கீழே கொண்டுவந்தேன்.

வண்டித்தடத்துக்குக் கீழே இருந்த வீடுகள் தப்பின. மேலே இருந்தவை சாம்பல். தீவனப் போர்கள் மொத்தமும் போயின. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. வெந்த கைகளுக்குச் சோற்றுக்கற்றாழை பூசி, சந்தையிலிருந்து திரும்பிய வண்டியிலேயே அந்த அம்மாவைத் தளிக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

மறுநாளிலிருந்து வண்டிகள் வந்தபடி இருந்தன. சுற்று ஊர்க்காரர்கள் கேழ்வரகுத் தாள் ஏற்றிவந்து மாடு இருந்த வீட்டுக்கெல்லாம் இறக்கினார்கள். சொந்தக்காரர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஏரிக்குள் இறங்கினார்கள். கட்டிக்கொண்டு அழுதார்கள், கூட்டிப்போனார்கள். நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தேடி வர யாருமில்லை என்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்குத்தான் அதை நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது. குழந்தைக்காரி களி கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

தளியிலிருந்து திரும்பிய அந்த அம்மாவை அவருடைய தம்பி வந்து அழைத்துப் போனார். மாடும் கன்றும் வண்டிக்குப் பின்னால் நடந்தன. அவருக்கு இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. பாறையில் போட்ட என் சட்டை அந்தக் களேபரத்தில் போன இடம் தெரியவில்லை, நான் இன்னும் துண்டோடுதான் இருந்தேன். வண்டி என்னைத் தாண்டும்போது, “ஏ மூங்கிலு, மொதல்ல ஒரு சட்டை வாங்கிப் போடு. அம்மணமா நிக்கற!” என்றார். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வண்டி திருப்பத்தில் மறைந்தது. அவர் எந்த ஊருக்குப் போனார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர். ஓசூரில் தொழிற்சாலைகள் வந்ததும் அங்கேயும் சில வருஷம், வரிசையாகக் கதவு வைத்த லைன் வீடுகளில் ஓர் அறையில் இருந்தேன். சுவரை ஒட்டி ஆள் இருப்பார்கள். வருவதும் போவதும் ஒருவருக்கொருவர் தெரியாது. அங்கே பக்கத்துக் கதவு ரொம்ப நேரம் திறக்காவிட்டால் நான் தட்டிப் பார்ப்பேன். சிலர் எரிச்சல்படுவார்கள், பரவாயில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து படுக்கும்போது மட்டும் காது தானாக வாசல் பக்கம் போய்விடும். நான் உள்ளே இருக்கிறேனா என்று பார்க்க என் வாழ்நாளில் ஒரே ஒரு ஆள்தான் தீக்குள் வந்தார். அன்றைக்கு நான் உள்ளே இல்லை.