குப்புசாமி அண்ட் பார்ட்டியைப் பாட வைத்தவர்

செய்தி வந்தபோது நான் மதுரையில் பல் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சை அடைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பாம்பூஃப்ளாட்டிலிருந்து மருமகன் போன் செய்தான். "மாமா, சிங்காரவேல் மாமா தவறிட்டாங்க. தூக்கத்திலேயே போயிட்டாங்களாம்." பஞ்சோடு "ம்" என்று மட்டும் சொன்னேன். துக்கத்தில் எனக்கு வாயடைத்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். பஞ்சை எடுத்த பிறகும் பேச்சு வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சிங்காரவேல் என் நண்பர் என்று எழுதினால், அந்தக் காலத்தில் எங்கள் ரெக்கார்டுகளுக்கு ஆடியவர்கள் சிரிப்பார்கள். முதல் ஆறு வருடம் நாங்கள் பரம எதிரிகள். அவர் தூத்துக்குடிக்காரர், போர்ட் பிளேரில் துறைமுகக் குமாஸ்தா. நான் ராமநாதபுரத்திலிருந்து போய், துறைமுகத் தண்ணீருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தேன். அறுபதுகளின் கடைசியில் அந்தத் தீவுகளில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் ரெக்கார்டு சேர்த்த பைத்தியங்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பாம்பூஃப்ளாட் கூடத்தில் சனிக்கிழமை மத்தியானம் நடனம் நடக்கும். கரேன்காரர்கள், ராஞ்சிக்காரர்கள், கார் நிக்கோபாரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், வங்காளிகள், நம் ஆட்கள் எல்லாரும் ஆடுவார்கள். போர்ட் பிளேர் பக்கமுள்ள சாத்தமுக்குக் கடைசி போட் கிளம்பும்போது ஆட்டம் முடியும். ஒரு வாரம் அவர் ரெக்கார்டு போடுவார், மறுவாரம் நான். யார் வாரத்தில் கூட்டம் அதிகம் என்பதுதான் எங்கள் வாழ்க்கைப் பிரச்சினை.

போர்ட் பிளேர் அபர்டீன் பஜார் கடைகளில் சினிமாப் பாட்டு ரெக்கார்டு கிடைக்கும். சோல் கிடைக்காது. மெயின்லேண்ட் கப்பலில் சமையல்காரராக இருந்த என் அத்தான் சென்னையில் பழைய சாமான் கடைகளைக் கிளறி, எனக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று கொண்டுவருவார். சிங்காரவேலுக்கோ ராஜபாட்டை. எப்போதாவது வரும் வெளிநாட்டுக் கப்பலில் காகிதங்களோடு முதலில் ஏறும் ஆள் அவர்தான். ஒரு கையில் காகிதம், மறு கையில் அவர் மனைவி சொர்ணம் அக்கா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய். ஒரு பாட்டிலுக்கு இரண்டு ரெக்கார்டு. ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி ஊறுகாயை ருசி பார்த்துவிட்டு, தன் பெட்டியையே கவிழ்த்துக் கொட்டினானாம். "நம்ம வீட்டு நார்த்தங்கா உலகம் பூரா சுத்துது வே. நமக்குத்தான் சோத்துக்குத் தொட்டுக்க இல்லை" என்பார்.

அவரிடம் எனக்குப் பொறுக்காத ஒன்று இருந்தது. எல்லா ரெக்கார்டின் நடு லேபிள் மேலும் வெள்ளைத்தாளை ஒட்டி, தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் எழுதிவிடுவார். யார் பாடியது என்று தெரிந்தால் நான் அத்தானிடம் சொல்லி வாங்கிவிடுவேனாம். கனகாம்பரம், தபால் பெட்டி, லேட் பாஸ் என்றெல்லாம் பெயர்கள். அவருடைய உயர்ந்த ரெக்கார்டில் 'குப்புசாமி அண்ட் பார்ட்டி' என்று எழுதியிருந்தது. அதில் ஒரு ஆண் குரல் கெஞ்சும், மூன்று பெண்கள் முடியாது என்பதுபோல் பதில் பாடுவார்கள். அது தொடங்கினால் உட்கார்ந்திருப்பவர் யாரும் இல்லை. "குப்புசாமி லகாவ்!" என்று, குப்புசாமியைப் போடச் சொல்லி, கூடமே கத்தும். அமெரிக்காவில் குப்புசாமி என்று ஒரு கறுப்பினப் பாடகர் இருக்கிறார் என்று பாம்பூஃப்ளாட்டில் பாதிப்பேர் நம்பினார்கள். என் வாடிக்கையாளர் ஒருவர், அவர் கும்பகோணத்திலிருந்து போன குடும்பம் என்றே சொன்னார்.

அமெரிக்க ரெக்கார்டுகளுக்கு நடு ஓட்டை பெரிது. நம் மெஷினில் நிற்காது. சிங்காரவேல் ஒரு படாக் மரத்துண்டைச் செதுக்கி ஓட்டையில் பொருத்திக்கொண்டார். நல்ல சிவப்பு மரம், ஆனால் மையம் ஒரு மயிரிழை தப்பிவிட்டது. அதனால் அவருடைய பாட்டெல்லாம் சுற்றுக்கு ஒருமுறை லேசாகச் சாயும், போட்டில் நின்று பாடுவதுபோல. ஆடுகிறவர்கள் அந்தச் சாய்வுக்கு இடுப்பை வளைக்கப் பழகிவிட்டார்கள். ஒருநாள் ஒரு மாலுமி அவருக்கு அசல் பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கொடுத்தான். அந்தச் சனிக்கிழமை குப்புசாமி நேராகப் பாடினார். பத்து ஜோடிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. போட் டிரைவர் ஒருவர் வந்து, குப்புசாமிக்கு உடம்பு சரியில்லையா என்று கவலையோடு கேட்டார்: "அரே சிங்காரம், குப்புசாமி கோ க்யா ஹுவா? தபியத் கராப் ஹை க்யா?" மறுவாரம் மரத்துண்டு திரும்பி வந்தது. "பாட்டு எப்படின்னு மூஞ்சியைப் பாத்துக் கேக்காத வே. மூஞ்சி மரியாதைக்குச் சிரிக்கும். காலைப் பாரு" என்றார்.

நான் செய்த கீழ்த்தரமான காரியத்தையும் எழுதிவிடுகிறேன். ஒருமுறை போட்டில் அவர் பெட்டியை என்னிடம் விட்டுவிட்டு டீ வாங்கப் போனார். நான் குப்புசாமியை உருவி, கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, தாளின் ஓரத்தைச் சுரண்டினேன். நிமிர்ந்தால் இரண்டு டீயோடு எதிரில் நிற்கிறார். கோபப்படவில்லை. "எச்சில்ல எடுக்க முடியாது வே, மைதாப் பசை. வெந்நீர் வேணும்" என்று ஒரு டீயை நீட்டினார். வெட்கத்தில் குடித்தேன், நாக்கு வெந்தது.

பிறகு எனக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி, மத்தியானம் அதே கூடத்தில் வரவேற்பு. சிங்காரவேலைக் கூப்பிடக்கூடாது என்பதற்காகச் சொர்ணம் அக்கா பெயருக்கு மட்டும் பத்திரிகை வைத்தேன். வேறு யாரையும் மெஷினைத் தொட விடவில்லை. கழுத்தில் மாலையோடு நானே ரெக்கார்டு போட்டேன். குனியும்போதெல்லாம் ரோஜா இதழ் உதிர்ந்து ஊசியில் சிக்கும், பாடகர் கீச்சென்று கத்துவார். மணமகள் வசந்தா ஜோடி நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது: "இன்னொரு தடவை பாட்டு மாத்துறேன்னு எந்திரிச்சீங்கன்னா, அடுத்த போட்ல நான் எங்க வீட்டுக்குப் போயிருவேன்."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. அப்போது மழையில் நனைந்தபடி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சிங்காரவேல் உள்ளே வந்தார்.

"சொர்ணத்துக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலா வந்திருக்கேன். எந்திரி வே."

"இது என் கல்யாணம் அண்ணாச்சி."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். போய் மாப்பிள்ளையா இரு."

ஆறு வருடத்தில் நான் ஒருநாள்கூட ஆடியதில்லை. எப்போதும் மெஷின் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அன்றுதான் எனக்கு ஆட வராது என்று தெரிந்தது. குப்புசாமியை மூன்று முறை போட்டார். மூன்று முறையும் வசந்தாவின் காலை மிதித்தேன். மூன்றாவது முறை அவள் சிரித்துவிட்டாள். மெஷினுக்குப் பின்னால் அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது குப்புசாமி ரெக்கார்டை என் கையில் வைத்தார். "மொய்." நான் நன்றி சொல்லவில்லை, பந்தி நடந்த இடத்துக்கு ஓடி வெந்நீர் வாங்கி வந்து தாளை நனைத்து உரித்தேன். அடியில் ஒன்றும் இல்லை. உப்புத்தண்ணீரில் ஊறி அழிந்த பழைய காகிதம், ஒரு எழுத்துகூட இல்லை.

"யார் அண்ணாச்சி பாடுறது?"

"எனக்கும் தெரியாது வே. மாலுமி கையிலேர்ந்து வாங்கையில கடல்ல விழுந்துட்டு. குதிச்சு எடுத்தேன், பேரு போயிட்டு. நீ சனிக்கிழமை சனிக்கிழமை வந்து யாரு யாருன்னு கேட்டா, தெரியாதுன்னு எப்படிச் சொல்ல? இதுல மட்டும் தாள் ஒட்டினா நீ கண்டுபிடிச்சிருவ. அதான் எல்லாத்துலயும் ஒட்டினேன்."

அதோடு பகை தீர்ந்துவிடவில்லை. மறுவாரம் நான் குப்புசாமியைப் போட்டேன், என் வாரத்தில் கூட்டம் கூடியது, அவர் வயிறெரிந்தார். நாங்கள் நிம்மதியாக எதிரிகளாகவே வயதானோம். மகனோடு நான் மதுரைக்கு வந்த பிறகும் திடீரென்று போன் வரும். 'ஹலோ' கிடையாது, ஒரு பாட்டு ஓடும். முடிந்ததும், "எப்படி?" "பரவாயில்லை" என்று நான் பொய் சொல்வேன். அவர் திருப்தியாக வைத்துவிடுவார்.

அவருடைய ரெக்கார்டுகள் பேரனிடம் இருக்கின்றன, எனக்கு அவை வேண்டாம். ஒரு நல்ல பாட்டு காதில் விழுந்தால், அதைக் கேட்காத ஒருவரை உடனே வயிறெரிய வைக்க வேண்டும் என்ற ஆசை, அதுதான் அவர் எனக்கு விட்டுப்போனது. போன வாரம் என் பேத்தி வீட்டில் ஒரு பாட்டு வைத்தாள். இதுவரை நான் கேட்காத பெண் குரல். யோசிக்காமல் அவர் நம்பரை அழுத்திவிட்டேன். மணி அடித்த பிறகுதான் நினைவு வந்தது. சொர்ணம் அக்கா எடுத்தார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு பாட்டு... மறந்துட்டேன்."

"வச்சிராதீக. நான் கேக்கேன்."

போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன். பாட்டு முடிந்ததும் போனைக் காதில் வைத்தேன்.

"இது அவுககிட்ட இல்லையே தம்பி" என்றார் அக்கா. "கேட்டிருந்தா இன்னைக்கு அவுகளுக்குச் சோறு எறங்கியிருக்காது."