பரண் பார்வையிடப்படவில்லை

லியோன்டீன் டுவெர்னே அனுமதி அலுவலகத்துக்கு முதலில் போனது 2005 நவம்பர் 21. அடுத்து டிசம்பர் 6, ஜனவரி 10, ஜனவரி 31. நான்கு முறையும் அதே கவுண்டர், அதே விண்ணப்பம். ஆகஸ்ட் புயல் வெள்ளத்தில் ஊறிய வீட்டுச் சுவர்களை உரித்துப் பூஞ்சையை எடுக்க அனுமதி வேண்டும். பிப்ரவரி 28க்குள் அது கிடைக்காவிட்டால் வீடு இடிப்புப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

நான்காவது முறை, கவுண்டரில் இருந்த யோலாண்ட் தலை நிமிராமலே சிரித்தாள். "வந்துட்டீங்களா கண்ணு? உங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டு பேரு எழுதி வச்சுடட்டுமா?"

"போடு. வேற யாராச்சும் உக்காந்தா சண்டைக்கு வருவேன்."

"எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. இந்தப் பத்தாவது வரிதான் காலியா இருக்கு. பரணையும் சேத்து எல்லா அறையையும் இன்ஸ்பெக்டர் பாக்கணும். எப்ப வரச் சொல்ல?"

"பரண்ல என்ன இருக்கு? பழைய கிறிஸ்துமஸ் சாமான்தான்."

"பூஞ்சைக்குக் கிறிஸ்துமஸ் சாமான்னா உயிராச்சே, மிஸ் லியோன்டீன்."

பதினோராவது வரியும் காலிதான். வீட்டின் இன்னொரு உரிமையாளரான அவள் கணவர் அல்போன்ஸ் டுவெர்னே அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அந்த வீட்டில் இல்லையென்றால், எந்தத் தேதியிலிருந்து இல்லை என்று எழுத வேண்டும். முந்தைய மூன்று முறையும் இந்த இடம் வந்ததும் லியோன்டீன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். இந்த முறை யோலாண்ட் விடவில்லை. "நீங்க சொல்ல மாட்டீங்க, நானே போட்டுட்டேன்," என்று இன்ஸ்பெக்டர் வரும் தேதியாகப் பிப்ரவரி 9 என எழுதி முத்திரையைக் குத்திவிட்டாள்.

லியோன்டீனுக்கு வயது அறுபத்து மூன்று. இருபத்தொன்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். புயலுக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்குத் தங்கை வீட்டாரோடு காரில் ஏறினாள். அல்போன்ஸ் வரவில்லை. முட்டி வலிக்காரர், ஏழு மணி நேரம் காரில் மடங்கி உட்கார முடியாது என்றார். "இதவிடப் பெரிய காத்தெல்லாம் பாத்தவன்டி நான். பரண் இருக்கு, கோடாரி இருக்கு. நீ போ," என்றார்.

அந்தப் பேட்டையில் பரணில் கோடாரி இல்லாத வீடே கிடையாது. நாற்பது வருடத்துக்கு முன்பு வந்த வெள்ளத்தில், பரணில் ஏறியவர்கள் கூரையை உடைக்க வழியில்லாமல் உள்ளேயே செத்தார்கள். அதற்குப் பிறகு வந்த பழக்கம் அது. டுவெர்னே வீட்டுக் கோடாரியை ஏப்ரல் மாதம் லியோன்டீன் கீழே எடுத்தாள். அத்திமர வேர் சாக்கடைக் குழாயை நெம்பிக்கொண்டிருந்தது. வேரை வெட்டிவிட்டுக் கோடாரியைப் பின்கட்டுக் கொட்டகையில் சாய்த்து வைத்தாள். மேலே வைத்தாயா என்று அல்போன்ஸ் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும், "வச்சுட்டேன்," என்றாள்.

வீட்டுக்குள் தண்ணீர் நின்ற உயரம் ஒன்பது அடி நாலு அங்குலம். பக்கத்து வீடு அஸ்திவாரத்திலிருந்து பெயர்ந்து மிதந்து வந்து இவர்கள் வீட்டின் கிழக்குச் சுவரில் சாய்ந்து நின்றது. தேடும் படையினர் வாசல் கதவில் பெருக்கல் குறி போட்டு, அதன் கீழே பிணம் எத்தனை என்பதற்குச் சைபர் எழுதியிருந்தார்கள். அவர்கள் படகில் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள்.

முற்றத்தில் அரசு கொடுத்த டிரெய்லர் வண்டி வீட்டில் அவள் தங்கினாள். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிட்டாள். எதையாவது தேடி உள்ளே போக நேர்ந்தால் நடைவழியில் குனிந்தே நடந்தாள். பரண் ஏணியை இறக்கும் கயிறு, சேறு காய்ந்து விறைத்துப்போய், அவள் தலையைத் தொடும் உயரத்தில் தொங்கியது. சுவரெல்லாம் கறுப்பும் பச்சையுமாக ரோமம் முளைத்திருந்தது. பூஞ்சை நாற்றம் மற்ற எல்லா நாற்றத்தையும் மூடிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரி 9 காலை ஒன்பதேகாலுக்கு இன்ஸ்பெக்டர் லபாட் வந்தார். ஒவ்வொரு அறையிலும் பூஞ்சை ஏறிய உயரத்தை அளந்து எழுதினார். கடைசியில் நடைவழிக்கு வந்து கயிற்றைப் பிடித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கதவுல சைபர்னு போட்டிருக்கே, மேடம்?"

"பரணுக்குள்ள யாரும் ஏறிப் பாக்கல."

லபாட் பூஞ்சைக்காகப் போட்டிருந்த முகமூடியைக் கழற்றினார். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

"இங்கயே நிக்கிறேன். இழுங்க."

ஏணி இறங்கியபோது சேற்றுப் பொடி கொட்டியது. லபாட் ஏறிய ஒன்பது படிகளையும் அவள் எண்ணினாள். பிறகு தலைக்கு மேலே பலகைகள் முனகின. அந்தச் சத்தம் கேட்டதும் அவளால் வாயை அடக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாததை அந்தத் துவாரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மேல கோடாரி இருக்காது! நான்தான் எடுத்தேன்!"

மேலே காலடிச் சத்தம் கிழக்கு மூலை வரைக்கும் போய் நின்றது.

"இங்க யாருமில்ல, மேடம்."

அவள் சுவரில் கை ஊன்றினாள். உள்ளங்கை வழுக்கியது.

"கிழக்குச் சுவர்ல காத்து வர வச்ச பலகைத் தட்டிய உள்ளயிருந்து உடைச்சிருக்கு," என்று குரல் வந்தது. "ஆள் நுழையுற அளவு. பக்கத்து வீட்டுக் கூரை அத மறைச்சு ஒட்டி நிக்கிது. அதுல இறங்கியிருக்காரு. அப்புறம்... அப்புறம் எனக்குத் தெரியல."

"எதால உடைச்சாரு?"

"காலால. ஒரு ஷூ கிடக்கு. குதிகால் பிஞ்சிருக்கு. கொண்டு வரவா?"

"வேணாம்." பிறகு கேட்டாள்: "முட்டி வலிக்காரரு. எவ்வளவு நேரம் உதைச்சிருப்பாரு?"

லபாட் ஏணியில் கால் வைத்தார். இறங்கி வந்து பத்தாவது வரியில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கவுண்டரில் லியோன்டீன் பதினோராவது வரியை நிரப்பி நீட்டினாள். யோலாண்ட் படித்துவிட்டுக் கண்ணாடியை மேலே தள்ளினாள்.

"அல்போன்ஸ் வீட்டுல இல்லாத தேதி பிப்ரவரி ஒன்பதா? புயல் ஆகஸ்ட்லல்ல கண்ணு அடிச்சது?"

"தெரியும்."

"அப்ப மாத்தி எழுதட்டுமா?"

"நேத்து வரைக்கும் அவர் மேலதான் இருந்தாரு, யோலாண்ட். நான் கீழ இருந்தேன். நேத்துத்தான் போயிட்டாரு."

யோலாண்டின் பேனா தாளின் மேலேயே நின்றது. பிறகு அதை மூடி வைத்துவிட்டு, எதையும் திருத்தாமல் முத்திரையைக் குத்தினாள்.

அனுமதித் தாள் கைக்கு வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. தெரு வரைக்கும் வரிசை நின்றது. நாற்பது பேராவது இருப்பார்கள். லியோன்டீன் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வரிசையோரமாக மெல்ல நடந்தாள். அதில் நின்ற ஒவ்வொரு கிழவரின் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டே போனாள்.