ஈட்டிக்கென ஒரு பூ கேட்கவில்லை

கூர்வேல் தாங்கிய குமரா, குன்றேறி நின்று அருள்பவனே, என் சொல்லில் பொய் புகாது காத்தருள்வாய். தைப்பூச நன்னாளாகிய இன்று இதனை எழுதத் தொடங்குகிறேன்.

நிலக்கடலை பிடுங்கிய காட்டில் மழை விழுந்தவுடன் எழும் மண்வாசனையோடு, காற்றைக் கிழித்துச் செல்லும் மெல்லிய சீழ்க்கையொலி ஒன்றும் என் சிறுவயது நினைவில் கலந்து கிடக்கிறது. அது என் அண்ணன் சென்னியப்பன் எறிந்த ஈட்டியின் ஒலி. நாமக்கல்லுக்கு மேற்கே, மழையை நம்பிய மேட்டு வயலான எங்கள் 'மேட்டாங்காட்டில்' பழகியே அவர் மாநிலப் போட்டியில் முதலிடம் பெற்றார். நாட்டின் அணிக்கான பயிற்சி முகாமுக்கு அவருக்கு அழைப்பு வந்த அதே மாதத்தில் ஊராட்சி ஒன்றியத் தேர்தலும் வந்தது. செய்தித்தாளில் படம் வந்த பிள்ளையை நிறுத்தினால் வெற்றி நமதே என்று எங்கள் தாய்மாமா முடிவு கட்டினார்.

"ஏனுங்க மாமா, முகாமுக்குப் போயிட்டு வந்து அடுத்த தேர்தல்ல நிக்கறனுங்களே," என்றார் அண்ணன்.

"அதுவரைக்கும் ஊரு உன்னய ஞாபகம் வெச்சிருக்குமா சாமி? மைக்கு புடிக்கிற கைக்கு ஈட்டி எதுக்கு?"

"எதுத்து நிக்கறவனக் குத்தறதுக்குத்தானுங்க!" என்று சித்தப்பா சொல்ல, வீடே சிரித்தது, அண்ணன் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் குலதெய்வத்திடம் 'பூ' கேட்காமல் பெரிய காரியம் எதையும் தொடங்குவதில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொட்டலமாகக் கட்டி, அம்மன் திருவடியில் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் அம்மனின் உத்தரவு. அன்று மாமா கைகூப்பி, "பையன் தேர்தல்ல நிக்கலாமா தாயே?" என்று கேட்டார். அண்ணன் மெல்லக் குறுக்கிட்டார்: "ஈட்டிய உட்டுப்போடலாமான்னும் ஒரு பூ கேளுங்க மாமா."

"ரெண்டும் ஒண்ணுதான், சும்மா இரு."

பூசாரி பிரித்த பொட்டலத்தில் வெள்ளை அரளி இருந்தது. அண்ணன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முகாம் அவரின்றியே நடந்தது.

வென்றார், பின்னர் சட்டமன்றத்துக்கும் போனார், வறண்ட எங்கள் ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது அவரால்தான் என்பதை மறைக்க எனக்கு மனமில்லை. ஆயினும், தெய்வத்தின் திருமுன் பாதிக் கேள்வியை மட்டும் வைத்துவிட்டு, ஒரு வாழ்வு முழுவதற்குமான தீர்ப்பாக அதை ஏற்றுக்கொண்டோமே என்ற உறுத்தல், திருப்பாட்டு ஓதும் வைகறைகளிலும் என்னை விடுவதில்லை. அண்ணன் பழகிய காட்டில் இன்று கோழிப்பண்ணை நிற்கிறது.

சென்ற மாதம் பள்ளி விளையாட்டு விழா ஒன்றைத் தொடங்கிவைக்க அவரை அழைத்தார்கள். நானும் உடன் சென்றேன். மாணவி ஒருத்தி ஈட்டியை நீட்டினாள். தோள்வரை உயர்த்தியவரால் அதற்குமேல் முடியவில்லை.

"எறியுங்க ஐயா," என்றாள் அவள்.

"எம்பட கை கும்புட்டுக் கும்புட்டே பழகிப்போச்சு கண்ணு. நீ எறி."

அவள் எறிந்தாள். அது மண்ணில் குத்தி நிற்கும்வரை அண்ணன் கண் இமைக்கவில்லை. உடன் வந்த கட்சிக்காரர்கள் அண்ணனைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

இதைப் படிக்கும் யாவருக்கும், தம் நெஞ்சிலுள்ளதை இறைவனிடம் தாமே கேட்கும் துணிவும், கேட்டதற்கு நல்ல மறுமொழியும் வாய்ப்பதாக.