இரண்டு இடது கைகள்

என் அம்மா ஒன்றரை வருஷம் தையல் கிளாஸுக்குப் போனாள். அந்த ஒன்றரை வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒரு பாவாடைகூடத் தைக்கப்படவில்லை. என் பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தால்கூட ஊசியோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டுவாள். அவள் தைத்ததெல்லாம் பைகள்தான். காடாத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னப் பைகள், உள்ளே மணல். மணலைப் போட்டு வாயையும் தைத்துவிட்டால் அதற்குப் பெயர் பையா என்று ஒருநாள் கேட்டேன். நேராகத் தைத்துப் பழக இதுதான் முதல் பாடம் என்றாள். ஒன்றரை வருஷமாக முதல் பாடத்தையே தாண்டாதவளை நினைத்து எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது. நான் வகுப்பில் இரண்டாவது ராங்க் வாங்குகிறவள்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு நான்கு. அவளுக்குக் கழுத்து நிற்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்வாள். கால்கள் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும். பேச்சு வரவில்லை. கடைக்கு ஆட்கள் வந்துபோகும் நேரத்தில் அவள் பின்கட்டில்தான் இருக்க வேண்டும். இது அத்தை போட்ட சட்டம். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். சேலத்தில் இருந்துகொண்டே எங்கள் வீட்டு உப்புப் புளிவரைக்கும் அவள்தான் முடிவு செய்வாள். குழந்தை எழுந்து நடந்தால் சேர்வராயன் கோயிலுக்கு மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டவளும் அவள்தான். சாமி கண் திறக்கும்வரை நாலு பேர் பார்வைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லியிருந்தாள். புதன்கிழமை தோறும் தங்கையைச் சால்வையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா கிளாஸுக்குப் போக அப்பா சம்மதித்ததே, விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை என்பதால்தான்.

மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் அந்தக் கோயிலின் மே மாதத் திருவிழாவுக்கு அத்தை பத்து நாள் முன்பே வந்துவிடுவாள். அந்த வருஷம் பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே எடுத்தது ஒரு அரக்கு நிற பிட்டுத் துணி, கூடவே அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்.

"ஒன்றரை வருசமாப் படிக்கறயேம்மா, எனக்கு ஒரு ஜாக்கெட் தெச்சுக் குடு. உன்ற கையால தெச்சதப் போட்டுட்டுத்தான் இந்த வருசம் மலை ஏறோணும்" என்றாள்.

அம்மா துணியை வாங்கிக்கொண்டாள். அன்று சாம்பாரில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

எதிர்க்கடை டெய்லரிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று எனக்கே தோன்றியது. ஆனால் அவர் அப்பாவோடு தினமும் நாலு மணிக்கு டீ குடிப்பவர். அவர் வாயில் எதுவும் ஒரு டீ நேரத்துக்கு மேல் தங்காது. என் வாயும் அவர் வாய்க்கு இளைத்ததில்லை. பள்ளிக்கூடம் லீவு என்பதால், என்னை அத்தையோடு தனியாக விட்டுப்போக அம்மாவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அந்தப் புதன்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஏரியைச் சுற்றிக்கொண்டு மேடேறும் வளைவில் நின்று மூச்சு வாங்கினாள்.

"கண்ணு, அது தையல் கிளாஸ் இல்ல. நம்ம பாப்பா மாதிரிப் புள்ளைங்கள வெச்சிருக்கற அம்மாங்க கூடற எடம். அத்தைக்குத் தெரிஞ்சா, சாமிய நம்பாமப் போனியான்னு கேப்பாங்க. அப்புறம் நான் போவவே முடியாது சாமி."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தங்கையின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தங்கை அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள்.

ஒரு பழைய பங்களாவின் கார் ஷெட்தான் அந்த இடம். எங்களைத் தவிர ஏழு அம்மாக்கள், ஏழு குழந்தைகள், கீழே ஜமுக்காளம், ஓர் ஓரமாகக் கையால் சுற்றும் தையல் மிஷின் ஒன்று. ஆக, அம்மா சொன்னது முழுப்பொய் இல்லை என்று எனக்கு ஒரு நிம்மதி. மாதம் ஒருமுறை சேலத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வந்து கை கால்களை நீவும் விதம் சொல்லிக்கொடுப்பாராம். மற்ற வாரங்களில் இவர்களே ஒருவருக்கு ஒருவர் டீச்சர். அங்கேதான் மணல் பைகளின் ரகசியம் தெரிந்தது. தங்கையை ஒரு மரப்பெட்டி நாற்காலியில் உட்காரவைத்து, தொடை மேல் இரண்டு பைகளை வைத்தார்கள். பின்னிக்கொள்ளும் கால்கள் பின்னாமல் நின்றன. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அவ்வளவு உயரத்தில் அவள் முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அம்மா அவர்களிடம், பாப்பா டம்ளரை இரண்டு கையாலும் தானே பிடித்தாள் என்று சொன்னாள். உடனே ஏழு பேரும் ஆளாளுக்கு எப்படி, எந்தக் கை முதலில், எவ்வளவு நேரம் என்று கேட்டுக் குடைந்தார்கள். கிளியூரிலிருந்து வரும் அக்கா ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். நிற்காமல் ஓடும் தன் பத்து வயது மகனின் இடுப்பில் ஒரு சேலைத் துண்டைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டியிருந்தாள். ஒரு டம்ளரைப் பிடித்ததற்கு இத்தனை கொண்டாட்டமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்கில் நான் வாங்கிய தொண்ணூற்றெட்டுக்கு வீட்டில் ஒரு லட்டுகூடக் கிடைக்கவில்லை.

பிறகு அம்மா அந்தத் துணியை எடுத்து விரித்தாள். ஷெட்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அந்த ஏழு பேரில் ஜாக்கெட் தைக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அம்மாவைப் புதன்கிழமைகளிலிருந்து விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. அவர்களில் ஒருவர் ஹைஸ்கூல் கணக்கு டீச்சர். அவர் ஸ்கேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினார். இன்னொருத்தி மிஷினைச் சுற்றினாள். மற்றவர்கள் மடியில் ஒரு குழந்தையும் கையில் ஒரு விளிம்புமாக உட்கார்ந்து ஊசியால் மடித்துத் தைத்தார்கள். ஜாக்கெட்டின் கையை அதன் உடம்போடு வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, டீச்சர் இரண்டு கைகளையும் ஒரே பக்கமாகவே போட்டு வெட்டிவிட்டார். அளவு நூல்கூடப் பிசகவில்லை. இரண்டும் இடது கை. மறுபடி வெட்ட ஒட்டுத்துணிகூட மிச்சமில்லை.

முதலில் சிரித்தது அம்மாதான். அப்புறம் ஒருவரைப் பார்த்து ஒருவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் அத்தை ஜாக்கெட்டுக்குக் காத்திருக்கும்போது இங்கே என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபமாக வந்தது.

திருவிழா அன்று காலை அத்தைக்கு ஹூக் போட்டுவிட்டது நான். இடது கையைத் தூக்கினாள், தலைக்குமேல் போயிற்று. வலது கையைத் தூக்கினாள், தோளோடு நின்றுவிட்டது. அத்தை கையைக் கீழே இறக்கி, விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா கதவோரம் நின்றிருந்தாள்.

"ஒரே ஜாக்கெட்டுல நாலு பேரு கை தெரியுதே" என்றாள் அத்தை.

என் நாக்கு துறுதுறுத்தது. தங்கையின் தலையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். கழற்றி எறிவாள் என்று பார்த்தால், அத்தை அதன்மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மலை உச்சியில் நல்ல கூட்டம். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தோம். அம்மா மடியில் தங்கை சால்வைக்குள் இருந்தாள். அப்போது கூட்டத்தில் கிளியூர் அக்கா, இடுப்புச் சேலைத் துண்டின் மறுமுனையில் மகன். வெளியே பார்த்தால் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர்களுக்குள் பேச்சு. அம்மாவுக்காகத்தான் அப்படி. அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

தங்கைக்கு அந்தப் பேச்சு தெரியாது. அப்பா கூப்பிட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், அக்காவைப் பார்த்ததும் சால்வையை உதறி, இரண்டு கையையும் நீட்டி, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்துச் சத்தம் போட்டாள். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் எதையும் சொல்லாமல் இத்தனை நாள் பாடுபட்டது, பேசத் தெரியாத தங்கையால் வீணாயிற்று. அக்கா இரண்டடி போய், முடியாமல் திரும்பி வந்தாள். தங்கையைத் தூக்கிப் பாறையில் நிமிர்த்தி உட்காரவைத்தாள். பழக்கத்தில் அம்மாவின் கைப்பையைத் திறந்து மணல் பைகளை எடுத்துத் தொடைமேல் வைத்தாள். வைத்த பிறகுதான் அத்தையின் ஜாக்கெட்டைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அத்தை அவளையும், அவள் மகனையும், நடுவில் இருந்த சேலைத் துண்டையும் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் தங்கையை வெகு நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்கதான் தையல் டீச்சருங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்கம்மா. நானும் படிக்கறவதானுங்க."

அத்தை குனிந்து, தங்கையின் தொடையில் நழுவிய ஒரு பையைச் சரியாக நகர்த்தி வைத்தாள். பிறகு எழுந்து குகைப் பக்கம் திரும்பி மறுபடியும் கும்பிட்டாள். எல்லோரும் தலைக்குமேல் கையெடுத்துக் கும்பிடும் இடத்தில், அத்தைக்கு ஒரு கை மேலேயும் ஒரு கை தோளளவிலும் நின்றன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, அத்தை அப்பாவிடம் பேச்செடுத்தாள். அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"இவ தையலு சுத்தமாச் சரியில்லப்பா. கையே தூக்க முடியல. வாரத்துக்கு ஒரு நாளு போனா எப்படிப் படியும்? இனிமே ரெண்டு நாளு அனுப்பு. மளை வந்தா நீயே பாப்பாவத் தூக்கிட்டுப் போய் உட்டுட்டு வா. பாப்பாவப் பின்கட்டுல வெக்காத, நொம்ப இருட்டா இருக்குது."

அப்பா எப்போதும் போலத் தலையாட்டினார். அம்மா கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. அத்தை சொன்னது நியாயம்தான், இந்தத் தையலுக்கு இரண்டு நாள்கூடப் போதாது. ஆனாலும் எல்லோர் முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். நான் அம்மாவின் புடவையை மெல்ல இழுத்தேன்.

"அழுவாதம்மா. அடுத்த தடவ ஒரு கையத் திருப்பிப் போட்டு வெட்டச் சொல்லு. சரியாயிரும்" என்றேன்.