தாய்மாமன் மடி

பாரிவாக்கம் தாட்சாயிணி சண்டைக்காரி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பன்னிரண்டு வருஷமாக வால்வு துடைத்துப் பெட்டியில் அடுக்குகிறாள். சூப்பர்வைசரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் கூடப்பிறந்த அண்ணன் ஏகாம்பரத்தின் மேல் வைத்த வஞ்சத்தை மட்டும் இரண்டு வருஷம் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

மகள் வர்ஷாவுக்கு ஒன்றரை வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பதினான்கு நாள் ஊசி போட்டுப் பிள்ளையைப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "காது கேக்குதான்னு ஒரு மாசத்துக்குள்ள டெஸ்ட் பண்ணிடும்மா, தள்ளிப்போடாதே" என்றார். வீட்டில் தட்டு விழுந்தாலும் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா?

ஏகாம்பரம்தான் குறுக்கே விழுந்தார். அவர் மகள் ராதிகாவுக்கு ஆவடியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

"தாச்சு, நம்ம ஊட்ல செவிட்டுக் கொயந்தை கீதுன்னு தெரிஞ்சா, பரம்பரை வியாதின்னு ஓடிடுவாங்க. கல்யாணம் முடியட்டும். அதுக்குள்ள இன்னா குடி முழுகிடப் போவுது?"

அப்பா செத்தபின் அவளைக் கரையேற்றியவர் அவர். தலையாட்டினாள்.

கல்யாணம் முடிய எட்டு மாதம் ஆயிற்று. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இந்தக் காய்ச்சல் வந்த சில பிள்ளைகளுக்கு உள்காதில் சீக்கிரமே எலும்பு வளர்ந்து அடைத்துவிடுமாம். வலது காதுக்குள் கேட்கவைக்கும் கருவியின் கம்பியை நுழைக்க வழியே இல்லை. இடது காதில் ஆபரேஷன் செய்தும் பாதிக் கம்பிதான் நுழைந்தது. "முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. இரு அண்ணா, இருக்கு உனக்கு என்று அன்றைக்கே மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

பிள்ளைக்கு நாலு வயதானதும் காதுகுத்து வைத்தாள். ராதிகாவின் மாமியாரை வீட்டுக்கே போய்ப் பாக்கு வெற்றிலை வைத்து அழைத்தாள். குமணன்சாவடி மண்டபத்தில் ஏகாம்பரம் பட்டு வேட்டியும் சீர்த்தட்டுமாக வந்து, மணையில் உட்கார்ந்து, பிள்ளைக்காக மடியைத் தட்டினார்.

"அந்த மடி வேணாம்" என்றாள் தாட்சாயிணி.

"தாச்சு, மண்டபம் பூரா ஜனம் கீது."

"அதுக்குத்தான் பத்திரிகை வச்சேன்."

சொன்னாள். டாக்டர் சொன்னது, அண்ணன் தடுத்தது, எட்டு மாதம், பாதிக் கம்பி, ஒன்று விடவில்லை. மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். சம்பந்தி காறித் துப்பப்போகிறாள், அதைக் கண்குளிரப் பார்க்கவேண்டும் என்று காத்திருந்தாள்.

ராதிகாவின் மாமியார் எழுந்து வந்து வர்ஷாவின் தலையைத் தடவினார். "காய்ச்சல்ல போன காதுக்கும் கல்யாணத்துக்கும் இன்னா சம்மந்தம்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நாங்களே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருப்போமே. இதையா மறைச்சீங்க?"

ஏகாம்பரம் தரையில் கையை ஊன்றி மணையைவிட்டு எழுந்தார். தாட்சாயிணிக்கு இனிக்கவேண்டிய நேரம்; நெஞ்சு கரித்தது. அந்த ஒரு வார்த்தையை அவளும்தான் கேட்கவில்லை. அன்று ஆடியது அவள் தலை.

பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் காதுக் கருவியைக் கழற்றி வைத்திருந்தாள். ஆசாரி ஊசியை இறக்க, வர்ஷா வீறிட்டாள். ஏகாம்பரம் பழக்கதோஷத்தில், "அயாதடா கண்ணு, மாமன் கீறேன்ல" என்றார்.

"அதுக்குக் கேக்காதுண்ணா" என்றாள் தாட்சாயிணி. "நீ சொல்லு. நான் கேக்கறேன்."