படம் இல்லாத பொட்டலம்

சிகரெட் விலை மறுபடியும் ஏறியபோது என் வீட்டுக்காரர் அதை விட்டுவிட்டார். எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்படி விட்டவர்கள் பலர். சிகரெட் பெட்டியில் அழுகிய வாயின் படம் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த எனக்கு நிம்மதியாக இருந்தது. வரி போட்டவர்களை மனதுக்குள் வாழ்த்தினேன்.

அவரால் வாயைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. என் வெற்றிலைத் தட்டில் கை வைத்தார். கொழுந்தெடுக்கும் நாங்கள் மலையில் போடுவதுதான்: பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை.

"என்னண்ணே, பொம்பளைங்க கட்சிக்கு வந்துட்டீங்களா?" என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் கேலி செய்வாள்.

"இந்தக் கட்சியில செலவு கம்மி, தங்கச்சி" என்பார்.

கம்மிதான். கடையில் புகையிலையைப் பத்திரிகைத் துண்டில் சுற்றித் தருவார்கள். அதில் எந்தப் படமும் இல்லை. அதனால் எங்களுக்குப் பயமும் இல்லை.

சில வருஷம் போனது. ஒருநாள் குழம்பு உறைக்கிறது என்றார். மிளகாயைக் குறைத்தேன். மறுபடியும் உறைக்கிறது என்றார். மிளகாயே போடாமல் ஆக்கினேன். அப்போதும் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. கவளம் சிறிதாகிக்கொண்டே போனது. ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளிப் பல்லிடுக்கில் தள்ளினார். கொட்டாவிக்குக்கூட வாய் விரியவில்லை.

"டொக்டர்கிட்ட காட்டுவோங்க."

"வாய்ப்புண்ணுக்கு எதுக்குடி டொக்டரு?"

அந்த மாதமே தோட்டத்துக்கு வாய் பார்க்கும் கிளினிக் வந்தது. பெரிய மெஷின் எதுவும் இல்லை. ஒரு டோர்ச், ஒரு சின்னக் கண்ணாடி. கெஞ்சிக் கூட்டிப்போனேன்.

"வாயத் திறங்க ஐயா. இன்னும்" என்றார் டொக்டரம்மா.

"இவ்வளவுதாங்க வரும்."

கையுறை போட்ட ஒரு விரல் நுழைந்தது. இரண்டாவது நுழையவில்லை. டொக்டரம்மா டோர்ச்சை ஒரு பக்கக் கன்னத்தில் வெகுநேரம் பிடித்திருந்தார்.

"நாளைக்கே மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போங்க. கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும்."

"நான்தான் சிகரெட்ட விட்டுட்டேனே, டொக்டரம்மா" என்றார் அவர், சின்னப்பிள்ளை மாதிரி.

"விட்டது நல்லது. ஆனா கொளுத்தினாலும் மென்னாலும் புகையிலைதானே ஐயா." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "வேற யாரெல்லாம் போடுறீங்க?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். எப்படியோ, அவர் எழுந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

டோர்ச் வெளிச்சம் உள்ளே வந்தது. என் ஒரு பக்கக் கன்னத்திலும் அது வெகுநேரம் நின்றது.